தலைகீழாகப் படித்த பதினைந்து சொற்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

இன்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் வந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நினைவுச் சோதனை எடுக்கும் அம்மாளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வார்த்தை மேடம். பதினைந்து சொற்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். குடை, ஆணி, ஆறு, திரைச்சீலை, கழுதை என்று போகும் பட்டியல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது, அதுதான் சோதனை. முடித்துவிட்டு, "ஞாபகம் இருக்கறத மட்டும் சொல்லுங்க, அவசரமே இல்ல" என்றார். நான் பதினைந்தையும் அவர் வாசித்த வரிசையிலேயே சொன்னேன். அவருடைய பேனா பாதியில் நின்றுவிட்டது.

"போன வருஷம் அஞ்சு சொல்லவே தவிச்சீங்க. இப்ப என்ன இப்படி!"

நான் சொல்லியிருக்க வேண்டியது இது: மேடம், நீங்கள் எடுத்திருப்பது போன வருஷத்துத் தாள், வேறு பட்டியல் எடுங்கள். நான் சொல்லவில்லை.

போன வருஷம் ஐந்து சொற்களோடு நின்றபோது அந்தத் தாள் அவர் முன்னால், எனக்குத் தலைகீழாக இருந்தது. மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவளுக்குத் தலைகீழ் எழுத்து ஒரு பொருட்டா? படித்துக்கொண்டேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில் கைக்குட்டை அளவு காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன். அதன் பிறகு பஸ்ஸில், குளிக்கும்போது, துணி மடிக்கும்போது என்று மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லி உருப்போட்டேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை, அக்கா. தப்பாய்ப்போன கேள்வியை மறுநாளைக்குள் மனப்பாடம் செய்து அப்பாவிடம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒப்பிக்க வேண்டுமே, அந்தப் பழக்கம். டியூஷன் வாத்தியார் பெற்ற பெண்கள் நாம். அதே தாள் திரும்ப வரும் என்று யார் கண்டார்கள்?

ஃபோனில் இதைச் சொல்ல முடியாது. அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள்.

மற்றபடி நலம். பெரிய வலிப்பு இந்த மாதம் இல்லை. சின்னவை வந்து போகின்றன. வயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறும், எல்லாம் ஏற்கெனவே நடந்ததுபோல் இருக்கும். பிறகு பார்த்தால் தேநீர் ஆறியிருக்கும், பேனாவின் மூடி மட்டும் கையில் இருக்கும். அடுத்த வாரம் ஸ்கேன்.

நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முழங்கால் வலி தேவலையா? உன் ஓட்டுநர் பள்ளியின் புதுச் சிஷ்யர், ஓய்வுபெற்ற நீதிபதி, இன்னும் சிக்னலோடு வாதாடுகிறாரா?

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
தங்கை


பிப்ரவரி 19

அன்புள்ள அகராதி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் அது மறந்துபோயிற்று. வலிப்புக்காரிக்கு வைக்கும் சோதனையில்கூட முதல் மார்க் வாங்க வேண்டுமா உனக்கு? அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார். ஆனாலும் அடுத்த முறை போகும்போது உண்மையைச் சொல்லிவிடு. ஸ்டியரிங்கை நான் பிடித்துக்கொண்டு, 'பிரமாதமா ஓட்டறீங்க' என்று சிஷ்யனிடம் சொன்னால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கிறது இது.

நீதிபதி நேற்று சிவப்பு விளக்கில் நிற்காமல் போனார். "ஐயா, பிரேக்!" என்று நானே மிதித்தேன். "எதிரே யாரும் இல்லையேம்மா, யாருக்காக நிக்கணும்?" என்கிறார். இத்தனை வருஷம் இவரிடம் மாட்டியவர்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அத்தான் வீட்டை விட்டுப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. 'இப்படியே போய்க்கொண்டிருந்தால் இரண்டு பேரும் வீணாகிவிடுவோம்' என்றார். நான் பதில் சொல்வதற்குள் பெட்டி தயாராக இருந்தது. நீல நிறக் காரை எடுத்துக்கொண்டார். கண்ணாடிகூட்டை மறந்துவிட்டார்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. அவளுக்கு உன்னைப் பற்றிய கவலையே போதும். எனக்குச் சொல்ல உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? மாத்திரையைத் தவறவிடாதே.

ஆசையுடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மடித்துவிட்டு ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றேன். சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலி உனக்கு நேர் எதிரே இருக்குமே, அதை முதலில் வேறு இடத்துக்கு நகர்த்திவிடு. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட உன்னால் ஆகாது. வேறு எதையும் இப்போது முடிவு செய்யாதே. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது, நடுவில் இவ்வளவு தூரம்.

உன் விஷயத்துக்குப் பக்கத்தில் என்னுடையதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீ கேட்பாய்.

ஸ்கேன் முடிந்தது. டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். காதுக்கு நேர் உள்ளே இரண்டு பக்கமும் கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்று பெயர். புது நினைவுகள் அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டுமாம்.

"வலது பக்கம் பாருங்க, நல்லா கொழுகொழுன்னு இருக்கு. இடது பக்கம் சுருங்கி வெள்ளையா தெரியுது. வலிப்பு இங்கிருந்துதான் கிளம்புது. ஒவ்வொரு வலிப்பும் இதையே இன்னும் கொஞ்சம் சுருக்குது."

"இடது பக்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"முக்கியமா வார்த்தைங்க. கேட்டது, படிச்சது. வலது பக்கத்துக்கு முகம், வழி, அந்த மாதிரி."

பிறகு வார்த்தை மேடத்தின் தாளைப் புரட்டினார். படத்தை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார். "விசித்திரமா இருக்கே" என்றார். நான் என் செருப்பைப் பார்த்தேன். நீ சொல்லச் சொன்னது நினைவிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்தே ஞாபக சக்தி ஜாஸ்தி டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது?

கெட்டுப்போன இடத்தை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். எடுக்கலாமா கூடாதா என்று டாக்டர்கள் கூடிப் பேசுவார்கள். அக்கா, எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக் குளிக்க வேண்டும். அம்மா வெளியே முக்காலியில் உட்கார்ந்து, 'இருக்கியா? இருக்கியா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் தங்கை


மார்ச் 22

அன்புள்ள அகராதி,

நாற்காலியை நகர்த்திவிட்டேன். இப்போது அது வாசலில் இருக்கிறது. பாடத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள். நீதிபதி அதில் உட்கார்ந்தால் மட்டும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. மேசை சாப்பிட வசதியாகிவிட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நீதான் சொன்னாய்.

டாக்டர்கள் கூடிப் பேசினார்களா? உடனே எழுது. தாமதித்தால் எனக்கு கியர் மாற்றக்கூட மறந்துபோகிறது.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

அறுவை சிகிச்சை இல்லை. காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய், பிறகு என்னை அடிக்க வருவாய். என் மார்க் அதிகமாம்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "படம் ஒண்ணு சொல்லுது, பரீட்சை ஒண்ணு சொல்லுது. சுருங்கிப்போன இடம் இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, அதை எடுத்துட்டா உங்களுக்கு நஷ்டம் பெருசு. ஏற்கெனவே ஞாபகம் போயிருந்தா எடுக்கறதுல இழக்க அதிகம் இருக்காது. உங்களுக்கு இழக்க நிறைய இருக்கேம்மா. நாங்க எப்படித் துணியறது?"

அப்பா சொல்லிக்கொடுத்த எல்லாப் பரீட்சையிலும் மார்க் அதிகம் வாங்கினால்தான் தேறுவோம். இப்படி ஒரு பரீட்சையை அவர் பார்த்திருக்க மாட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "என் நினைவு அவ்வளவு நன்றாக இல்லை" என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. சொல்லிவிட்டால் அது ஆஸ்பத்திரித் தாளில் ஏறும், அம்மா காதில் ஏறும், ஒருநாள் அலுவலகத்திலும் தெரியும். மறதிக்காரியிடம் யார் மெய்ப்புக் கொடுப்பார்கள்? தவிர, அது உண்மையா என்பதே எனக்குச் சந்தேகம். எனக்குப் பதினைந்தும் நினைவிருக்கிறதே. உருப்போட்டாலும் நினைவு நினைவுதானே?

இன்னொரு விதமான ஸ்கேன் இருக்கிறதாம். உள்ளே படுக்கவைத்து, வார்த்தைகளைக் காட்டி நினைவு வைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மூளையில் எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று படமெடுப்பார்கள். ஜூன் மாதக் கடைசியில்தான் இடம் கிடைத்தது. அதில் தலைகீழாகப் படிக்க எதுவும் இருக்காது. அதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். அம்மா என் பின்னாலேயே நடக்கிறாள்.

அலுவலகத்தில் ஒரு தவறு. நான் பார்த்துக் கொடுத்த நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமனார் பதினொன்றாம் அத்தியாயத்தில் செய்தித்தாள் படிக்கிறார். முதலாளி பக்கத்தை என் மேசையில் வைத்து, "இவரை நீ பொழைக்க வச்சியா, எழுத்தாளர் பொழைக்க வச்சாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தானின் முழங்கால் வலி தேவலையா? கடிதத்தில் ஒரு வரி எழுத அவருக்கு என்ன, அவ்வளவு வேலையா? அம்மாகூட நேற்று கேட்டாள். என் அன்பைச் சொல்.

தங்கை


மே 15

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. பள்ளியில் வேலை அதிகம்.

அத்தானை விசாரித்திருந்தாய். எழுதும்போது அம்மா பக்கத்தில் நின்றிருப்பாள், அவளுக்காக எழுதியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தானே? இருந்தாலும் அந்த வரியைப் படித்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவர் போனது போனதுதான். திரும்பி வரும் பேச்சே இல்லை. கண்ணாடிக்கூட்டை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லையா? நீ வேண்டுவதும் அவர்கள் மறுப்பதும் ஒரே விஷயம். நடுவில் நிற்பது நீ வாங்கிய மார்க் மட்டும்தான். இதைக் கூடவா நான் சொல்லித்தர வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மே 25

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மடித்துவிட்டு ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் போய்விட்டாரா? எப்போது? இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிப் போகிற போக்கில் எழுதுகிறாயே, என்னிடம் முன்பே சொல்ல உனக்கு மனம் வரவில்லையா? எனக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக என்னிடம் எதையும் மறைக்காதே.

சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலி உனக்கு நேர் எதிரே இருக்குமே, அதை முதலில் வேறு இடத்துக்கு நகர்த்திவிடு. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட உன்னால் ஆகாது. அம்மாவிடம் சொல்லவா வேண்டாமா என்று எழுது. நீ சொல்லும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

டாக்டரிடம் சொல்வதைப் பற்றி: யோசித்துப் பார்த்தேன். என்ன சொல்வேன்? என் நினைவு கெட்டுவிட்டது என்றா? அது பொய்யாகிவிடும். சாவியை எங்கே வைத்தேன் என்பது மறக்கிறது, உண்மைதான். அது யாருக்குத்தான் மறக்காது? நாவல் விஷயம் ஒரு கவனப் பிசகு. முக்கியமானது எதையும் நான் மறந்ததில்லை, அக்கா. மனசுக்கு நெருக்கமானவை அப்படியே இருக்கின்றன. போன வருஷம் ஐந்துதான் சொன்னேன் என்றால் அன்று தூக்கம் சரியில்லை. மார்க் குறைவாக வாங்கினால்தான் அறுவை சிகிச்சை என்பதற்காக என்னை நானே முட்டாள் என்று எழுதிக்கொடுக்க முடியுமா?

ஆனாலும் ஜூன் நெருங்க நெருங்க ஒன்றும் பிடிக்கவில்லை. புத்தகத்தை எடுக்கிறேன், ஒரு பக்கம் படிக்கிறேன், மூடுகிறேன். மறுபடி எடுத்தால் அதே பக்கம்.

நீ தனியாக இருப்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் ஒரு வேளையாவது சமைத்துச் சாப்பிடு.

உன் தங்கை


ஜூன் 11

என் செல்ல அகராதி,

நலமா? எப்போதும் வழக்கத்துக்குக் கேட்பேன். இன்று பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஃபோனில் கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள். நீ அவள் பக்கத்தில் இருந்து, "அக்கா, எப்ப வர?" என்று கத்தினாய். என்னால் சொல்ல முடியவில்லை.

அத்தான் போனதைப் பிப்ரவரியிலேயே உனக்கு எழுதிவிட்டேன். மார்ச் மாதம் நீ பதில் எழுதினாய். ஜன்னலருகே நின்றதாக எழுதினாய். நாற்காலியை நகர்த்தச் சொன்னாய். நான் நகர்த்தினேன், நகர்த்தியதை உனக்கு எழுதவும் செய்தேன். ஏப்ரலில் அத்தானின் முழங்காலை விசாரித்தாய். நான் மறுபடி சொன்னேன். நீ மறுபடி ஜன்னலருகே நின்றாய், அதே நாற்காலியை அதே வார்த்தைகளில் நகர்த்தச் சொன்னாய்.

ஏப்ரல் கடிதம் வந்தபோது உன்மேல் கோபம் வந்தது. வேண்டுமென்றே குத்துகிறாயோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அதனால்தான் பதில் எழுத அவ்வளவு நாளானது. மே மாதக் கடிதம் வந்தபோது கோபம் போய்விட்டது. அன்று பாடத்தின் நடுவில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி நின்றேன். நீதிபதி பயந்துபோய், "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணலங்க" என்றேன். அவர் கார் ஓட்ட வந்த நாளிலிருந்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முக்கியமானது எதையும் மறந்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் முக்கியமில்லை என்று நான் நினைக்க மாட்டேன். நீ மறந்ததற்குக் காரணம் நீ இல்லை, அந்தச் சுருங்கிப்போன இடம். இரண்டு முறையும் நீ எனக்காக ஒரே அளவு துடித்தாய். அது எங்கேயும் போகவில்லை.

டாக்டரிடம் நான் பேசிவிடலாம். ஆனால் உன் வாயால் நீ சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஸ்கேனுக்கு முன்னால் சொல்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று உன்னைத் திட்டி ஒரு பதில் எழுதினேன். பொய் சொல்கிறாய் என்று எழுதினேன். ஒட்டுவதற்கு முன்னால் உன் பழைய கடிதங்கள் இருக்கும் டப்பாவைத் திறந்தேன். பிப்ரவரிக் கடிதம் இருந்தது. 'கண்ணாடிக்கூட்டை' என்ற இடத்தில் நீ 'க்' என்ற ஒற்றை விட்டிருந்தாய். பென்சிலால் நான் திருத்தியிருக்கிறேன். ஓரத்தில் என் அடையாளக் குறி. என் கைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிப்பதுபோல் படித்தேன். மூன்றாம் தடவையாக உன் நாற்காலியை நகர்த்தினேன், மனசுக்குள்.

எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவைப் பஸ் நிறுத்தத்தோடு திருப்பி அனுப்பிவிட்டு வார்த்தை மேடத்திடம் போனேன். உட்காரக்கூட இல்லை.

"மேடம், பிப்ரவரில நீங்க வாசிச்சது முந்தின வருஷத்துத் தாள். நான் உங்க மேசையிலேயே தலைகீழா படிச்சு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து இரண்டு தாள்களையும் எடுத்து ஒப்பிட்டார். முகம் சிவந்துவிட்டது. "தாள மாத்த வேண்டியது நான். நீங்க ஏம்மா இத்தன நாள் சொல்லல?"

"ஃபுல் மார்க் வாங்கிட்டேனே, மேடம்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்புறம் எனக்கு அழுகை வந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார். அடுத்த நிமிஷம் தாளைத் தன் மடியில் மறைத்துக்கொண்டு, "இப்ப படிங்க பார்க்கலாம்" என்றார். புதுப் பட்டியல். நான்கு சொன்னேன். அரை மணி கழித்துக் கேட்டபோது ஒன்று. அந்த ஒன்றும் பழைய பட்டியலில் இருந்த கழுதை.

பிறகு அந்த ஸ்கேன். குழாய்க்குள் படுத்தால் யாரோ தகரக் கூரையில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடி, அதில் வார்த்தைகள் வந்து வந்து போயின. பிறகு முகங்கள், தெரியாதவர்களின் முகங்கள். 'நினைவில் வையுங்கள்' என்று மட்டும் எழுதியிருக்கும். நான் எதையும் உருப்போடவில்லை, கதை கட்டவில்லை, கோர்க்கவில்லை. வருவது வரட்டும், போவது போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் வாங்காமல் ஒரு பரீட்சை எழுதியது இதுதான் முதல் தடவை. நிம்மதியாகப் படுத்திருந்ததும் இந்த வருஷத்தில் அன்றுதான்.

நேற்று டாக்டர் படத்தைக் காட்டினார். முகங்கள் வந்தபோது வலது பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பற்றிக்கொண்டு எரிகிறது. வார்த்தைகள் வந்தபோதும் அதே வலது பக்கத்தில் லேசாக ஒரு பொறி, அடுத்த வீட்டு வேலையை எடுத்துச் செய்வதுபோல. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறம்.

"இப்பதான் படமும் பரீட்சையும் ஒண்ணையே சொல்லுது. அங்க இருந்தது எப்பவோ போயிடுச்சு. இருக்கற வலிப்பை மட்டும் எடுக்கப்போறோம். உங்க மார்க் குறைஞ்சது நல்ல செய்திம்மா."

"போனது திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"வராது. இனிமே போறது குறையலாம். அதுக்குக்கூட என்னால கையெழுத்துப் போட்டுத் தர முடியாது."

செப்டம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். நாவல்களை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரே பக்கத்தில் முடிகிற கவிதைகளை என்னிடம் தருவதாகச் சொன்னார். கிண்டலா கருணையா தெரியவில்லை. சரி என்றேன்.

என் மேசைக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். "அக்கா தனியாக இருக்கிறாள்" என்று எழுதி. அம்மா பார்த்துவிட்டாள். 'எல்லாரும்தான் தனியா இருக்காங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உன் தங்கை


ஜூலை 21

அன்புள்ள அகராதி,

ஒற்றை விட்டதற்கு மன்னிப்பு. உன் திருத்தம் ஏற்கப்பட்டது.

செப்டம்பரில் வருகிறேன். பள்ளியை இரண்டு வாரம் மூடுகிறேன். பலகையில் எழுதிப் போட்டதும் நீதிபதி வந்து, "லைசன்ஸ் டெஸ்டுக்கு முன்னாடி இப்படி விட்டுட்டுப் போனா எப்படிம்மா? இது அநியாயம்" என்றார். "அப்பீல் பண்ணுங்க" என்றேன்.

அத்தானைப் பற்றி அம்மாவிடம் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன். நீ அந்தச் சுமையையும் தூக்க வேண்டாம். இனிமேல் நீ எத்தனை தடவை கேட்டாலும் நான் கோபப்பட மாட்டேன். ஏற்கெனவே கேட்டுவிட்டோமோ என்று பயந்து கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே. நீ விசாரிக்காத கடிதம் எனக்குக் கடிதமே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக முன்னால் பொத்தான் வைத்த சட்டை இரண்டு தைத்து வைத்திருக்கிறேன். தலைக் கட்டின்மேல் இழுத்துப் போட வேண்டியிருக்காது.

வருகிறேன்.
அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்கா,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? நீதிபதிக்கு லைசன்ஸ் கிடைத்ததா? எழுதியிருந்தாயானால் இன்னொரு முறை எழுது.

செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. நீ கூட இருந்தாய். கண் விழித்தபோது நீ பொத்தான் போட்டுவிட்டதாக அம்மா சொல்கிறாள். எனக்கு அது நினைவில் இல்லை. அதற்குப் பிறகு இதுவரை வலிப்பு வரவில்லை. மாத்திரையை நிறுத்த இன்னும் நாளாகும்.

போன வாரம் வார்த்தை மேடம் சோதனை வைத்தார். புதுப் பட்டியலில் நான்கு சொன்னேன். முன்பும் நான்குதான். "கூடல, குறையவும் இல்ல" என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது பழைய பட்டியலை ஒப்பித்துக் காட்டினேன். குடை, ஆணி, ஆறு, திரைச்சீலை, கழுதை என்று பதினைந்தும் வரிசையாக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, அத்தான் ஏன் வருவதே இல்லை என்று நான் அம்மாவிடம் கேட்டேனாம். அம்மா சொன்னாளாம். அவளே இதை எனக்கு இரவு ஒரு முறை, காலையில் ஒரு முறை சொன்னாள். மேசைக்கு மேலே இருந்த சீட்டை அவள்தான் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள், பழையது கிழிந்துவிட்டது என்று.

இன்று காலை குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக் குளித்தேன். அம்மா வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

தங்கை